நீளத் தக்கையும் குட்டைத் தக்கையும்

பூதக்கண்ணாடி என்று அவளுக்கு முதலில் பெயர் வைத்தது யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும், ஏதோ ஒரு காலத்தில் அவளிடம் லேபிளை நீட்டி, திட்டோடு திருப்பி வாங்கிக்கொண்டு போனவராகத்தான் இருக்க வேண்டும். ஊர் முழுக்க அந்தப் பெயர் புழங்கியது. அவள் தலை தெரிந்ததும் எல்லோரும் வானத்தைப் பார்த்து வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்குத் தெரியாமல் அந்த ஊரில் என்னதான் நடந்தது!

அவள் வேலை பார்த்த இடத்துக்கு ‘பெயர் ஆபீஸ்’ என்று பேச்சு வழக்கு. மலைச்சரிவின் நடுவே ஒரு தார் ரோடு போகிறது. ரோட்டுக்கு மேலே விளைந்த திராட்சையில் செய்த ஒயினுக்கு மட்டும்தான் லேபிளில் அந்தச் சரிவின் பெயரைப் போடலாம். ரோட்டுக்குக் கீழே விளைந்தால், அதே ஜாதிக் கொடியாக இருந்தாலும், அதே கை பறித்திருந்தாலும், வெறுமனே ‘சிவப்பு ஒயின்’ என்று எழுதி விற்க வேண்டியதுதான். சட்டம் அப்படி. பெயர் உள்ள பாட்டிலுக்கும் இல்லாத பாட்டிலுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்பதால், கீழே விளைந்தது மேலே விளைந்ததாக வேஷம் போடப் பார்க்கும். அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு ஆபீஸ், அந்த ஆபீஸில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அவள்.

ஆலைக்காரர்கள் புது லேபிள் அச்சடிக்கும் முன்பு அவளிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சரிவின் பெயரைவிட ஆலையின் பெயர் பெரிதாக இருக்கிறதா? ‘இங்கேயே விளைந்து இங்கேயே அடைத்தது’ என்று எழுதியிருக்கிறானே, அடைத்தது எங்கே? ஒருமுறை ஒரு ஆலைக்காரர் லேபிளில் அழகான கோட்டை ஒன்றை வரைந்துகொண்டு வந்தார்.

“உங்க ஆலையில கோட்டை எங்க இருக்கு?” என்றாள்.

“அது சும்மா அழகுக்கும்மா.”

“வாங்குறவன் கோட்டையில செஞ்சதுன்னு நெனச்சுக் காசு குடுப்பான். எடுத்துடுங்க.”

மனுஷன் கோபத்தில் தன்னுடைய தகரக் கொட்டகையையே, ஓட்டை உடைசலோடு, வரைந்து கொண்டுவந்தார். அவள் அந்தப் படத்தை ஓரம் விடாமல் பார்த்துவிட்டு, உள்ளது உள்ளபடி இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாள். அந்தக் கொட்டகை லேபிள்தான் பிறகு நன்றாக விற்றது என்பது வேறு விஷயம்.

வீட்டிலும் இதே கதைதான். தேன் புட்டி வாங்கினால் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பாள். “தேன்னு போட்டிருக்கான். எந்த ஊருத் தேன்னு போடலையே?” என்பாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு எதற்கும் அசையாத மனுஷன். “வேணும்னா தேனீக்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் தேனை ரொட்டியில் தடவிக்கொள்வார்.

ஒரே ஒரு ஆள் விஷயத்தில் மட்டும் பூதக்கண்ணாடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அது அவள் தம்பி. அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பரந்திருந்தது. பெயர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் கொடி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. அவள் தன் பங்கை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கென்று இருந்த பிறந்த வீடு அவன்தான். அவனும் அக்கா என்றால் அக்காதான். அதற்கு மேல் பேச்சில்லை.

அவன் புது வண்டி வாங்கிய சந்தோஷத்தில் ஒரு நாள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். வயிற்றுப்புண் இருந்ததால் டாக்டர் அவனைச் சொட்டு ஒயின்கூடத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒயின் ஆலை முதலாளி விருந்தில் உட்கார்ந்து பால் குடிப்பதை ஊரே சொல்லிச் சிரித்தது. அவன் மனைவிதான் எல்லோருக்கும் ஊற்றினாள். பூதக்கண்ணாடி கரண்டி எடுக்க அடுக்களைக்குப் போனாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பாட்டில் திறக்கிற திருகி கிடந்தது. அதில் தக்கை அப்படியே குத்திக்கொண்டு இருந்தது.

குட்டைத் தக்கை.

அவளுக்கு மூக்கில் வேர்த்தது. விஷயம் என்னவென்றால், ரோட்டுக்கு மேலே விளைகிற மேட்டு ஒயின் வருஷக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டியது. அதற்கு முழு மரப்பட்டையில் வெட்டிய நீளத் தக்கை போடுவார்கள். கீழ் ஒயின் சீக்கிரம் குடித்துத் தீர்க்க வேண்டியது. அதற்குத் தக்கைத் தூளை ஒட்டிச் செய்த குட்டைத் தக்கை போதும். தம்பி ஆலையில் அப்பா காலத்திலிருந்தே இதுதான் பழக்கம். தக்கையை அடைத்த பிறகுதான் பாட்டில் நிலவறைக்குப் போகும். லேபிள் ஒட்டுவது கடைசியில், விற்கப் போகும்போது. அவள் கூடத்தில் இருந்த பாட்டிலை எட்டிப் பார்த்தாள். சரிவின் பெயர் லேபிளில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவளே அனுமதித்த எழுத்து. உள்ளே இருந்ததோ குட்டைத் தக்கை போட்ட சரக்கு.

“என்ன அண்ணி தேடுறீங்க?” என்று தம்பி மனைவி வந்தாள்.

“கரண்டிம்மா.”

தம்பி மனைவி இழுப்பறையைத் திறந்து கரண்டியைக் கொடுத்தாள். அவள் முதுகைத் திருப்பியதும் தக்கை பூதக்கண்ணாடியின் கைப்பைக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. வாசலில் புது வண்டி. கூரையில் புதுத் தகரம். இதெல்லாம் எங்கிருந்து வந்தது? தம்பி ஏதோ சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தான். முன்பெல்லாம் இவன் இப்படிச் சிரிக்க மாட்டானே என்று நினைத்தாள். அவன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் சிரிக்கிறான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

“போன் போட்டு அவனையே கேளேன்” என்றார் அவர்.

“கேட்டா உஷாராயிடுவான்.”

“ஆகட்டுமே. உன் தம்பிதானே?”

“அதனாலதாங்க.”

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் கடைக்குக் கடை வாங்கிய தம்பி ஆலை பாட்டில்கள் வரிசையாக வந்து இறங்கின. எல்லாம் மேட்டு லேபிள். ஒவ்வொன்றையும் திறந்தாள், ஒவ்வொன்றிலும் குட்டைத் தக்கை. ஜன்னல் கட்டையில் தக்கைகள் வரிசையாக நின்றன. வீட்டுக்காரர் திறந்த பாட்டில்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒரு ஆள் எவ்வளவுதான் உதவி செய்ய முடியும்?

சட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தெரியாமல் நடந்த தவறு என்றால் அந்தச் சரக்கை மட்டும் திரும்ப வாங்கி, லேபிளைக் கிழித்து, பெயரில்லாமல் விற்க வேண்டும். தெரிந்தே செய்தது என்றால் ஆயுளுக்கும் அந்த ஆலை சரிவின் பெயரைப் போட முடியாது. பெயர் போனால் தம்பி ஆலையை மூட வேண்டியதுதான். ரோட்டுக்கு மேலே அப்பா நட்ட கொடிகளைக்கூட எவனும் மதிக்க மாட்டான். ஆனால் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அவளால் அதைத் தூங்கவைக்க முடியாது. அது அவளையும் தூங்கவிடாது.

கடைசியில் ஆலைக்கே போனாள். தம்பி பீப்பாய்களைக் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தக்கைகளை எடுத்து அவன் மேஜையில் கொட்டினாள்.

“என்னக்கா இது?”

“உன் மேட்டு ஒயின்ல இருந்து எடுத்தது.”

அவன் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. “இருக்காதே” என்றான்.

“இருக்காதுன்னா? நானா செஞ்சு கொண்டாந்தேன்? கீழ் ஒயினுக்கு மேட்டு லேபிளை ஒட்டி வித்திருக்கே. புது வண்டி எப்படி வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது.”

“அக்கா, வண்டி கடன்ல வாங்கினது. சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியலை. நான் குடிச்சே எவ்வளவு காலம் ஆச்சு, உனக்கே தெரியும்...”

“குடிக்காதவன் ஏமாத்த மாட்டானா?”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம்கூட இல்லை, அடிபட்ட பார்வை. “நீ அக்காவா வந்திருக்கியா, ஆபீஸா வந்திருக்கியா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“இல்ல. அக்கான்னா உள்ள வா, உட்காரு, என்ன நடந்துச்சுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம். ஆபீஸ்னா, நாளைக்கு முறையா வா. இப்பப் போ.”

பிறந்த வீட்டிலிருந்து போ என்ற வார்த்தையை அவள் முதல்முறையாகக் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அவள் மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது: குற்றமில்லாதவன் எதற்காக ‘போ’ என்கிறான்?

மறுநாள் மேலதிகாரியின் அறைக்குப் போய்ப் புகார் சொன்னாள். மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கமுள்ளவர். சங்கடம் வந்தால் இன்னும் அழுத்தித் துடைப்பார்.

“உங்க தம்பி ஆலையாச்சே?”

“ஆமா சார்.”

“நல்லா யோசிச்சுக்கங்க.”

“யோசிச்சாச்சு சார். என் தம்பின்னு மறைச்சேன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக் கூடாது.”

அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமை கொஞ்சம் கூடுதலாகவே வந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

ஆலைகளுக்குப் போய்ச் சோதிக்கிறவர் மீசைக்காரர். அவரோடு அவளும் போனாள். தம்பி வாசலில் நின்றான். ‘வாங்க’ என்று மீசைக்காரரிடம் மட்டும் சொன்னான். நிலவறையைப் பார்த்துக்கொள்கிற வயசான ஆளுக்கு வௌவால் என்று பட்டப்பெயர். இருட்டிலேயே காலம் தள்ளியவர், வெளிச்சத்துக்கு வந்தால் கண் கூசும். அப்பா காலத்து ஆள். அவர்தான் விளக்கோடு முன்னால் இறங்கினார்.

நிலவறையில் இருக்கிற பாட்டில்கள் எல்லாமே வெறும் பாட்டில்கள். லேபிள் கிடையாது, ஈரத்தில் அழுகிப்போகும். ஒன்றுபோல் ஒன்று, கறுப்பாக, படுக்கையில் கிடக்கும். தக்கையின் தலை மட்டும்தான் வெளியே தெரியும். அது நீளமா குட்டையா என்று திறந்தால்தான் தெரியும். எந்த அடுக்கில் என்ன சரக்கு என்று சொல்வது, அடுக்குக்கு மேலே ஆணியில் தொங்குகிற சிலேட்டு. லேபிள் ஒட்டுகிற பெண்கள் வந்தால் சிலேட்டைப் பார்ப்பார்கள், ஒட்டுவார்கள். சிலேட்டு சொன்னால் சொன்னதுதான்.

நிலவறைக் கடைசியில் இரண்டு அடுக்குகள், இரண்டும் பாதி காலி. இடது பக்கச் சிலேட்டில் ‘கீழ்’ என்று இருந்தது. வலது பக்கச் சிலேட்டில் ‘மேல்’.

மீசைக்காரர் வலது அடுக்கிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திருகினார். குட்டைத் தக்கை வந்தது.

“பாத்தீங்களா?” என்றாள் அவள்.

மீசைக்காரர் முறைக்காக இடது அடுக்கிலிருந்தும் ஒன்றை எடுத்தார். திருகினார். இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். தக்கை வந்துகொண்டே இருந்தது.

நீளத் தக்கை.

“கீழ் ஒயினுக்கு எவன்யா நீளத் தக்கை போடுவான்?” என்றார் மீசைக்காரர், தனக்குத்தானே.

“ஐயையோ” என்று தம்பி தலையில் கை வைத்தான். “அப்ப, ‘சிவப்பு ஒயின்’னு அடிமாட்டு விலைக்கு வித்தேனே, அதெல்லாம் மேட்டு ஒயினா? அப்பா கொடியில விளைஞ்சதா?” காலிப் பெட்டி ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். நடிப்பு என்று நினைக்க அவள் மனசு எவ்வளவோ முயன்று பார்த்தது; முடியவில்லை. ஊரை ஏமாற்ற நினைக்கிறவன் மட்டச் சரக்கை ஒசத்தியாக விற்பான். ஒசத்திச் சரக்கை மட்டமாக விற்று யாரும் பணக்காரனாக முடியாது.

வௌவால் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். “இடது பக்கம்தான் மேட்டு ஒயின். என் கையால அடுக்கினது. சிலேட்டை யாரோ மாத்தி மாட்டியிருக்காங்க.”

“அப்ப லேபிள் ஒட்டும்போது நீங்க என்ன பாத்தீங்க?” என்று தம்பி பாய்ந்தான்.

“நான் எங்கப்பா இருந்தேன்? மக பிரசவத்துக்குப் போயிருந்தேனே. நீதானே லீவு குடுத்தே.”

“உங்களை நம்பித்தானே விட்டிருந்தேன்! இந்த இடத்துக்கு உங்களைத் தவிர யாரு வர்றா? நீங்க மாட்டாம பேயா வந்து மாட்டிச்சு?”

கிழவர் தூக்கிய விளக்கைக் கீழே இறக்கினார்.

பூதக்கண்ணாடி அதற்குள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு சிலேட்டுக்குக் கிட்டே போயிருந்தாள். யார் மாற்றியது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் படியேற முடியுமா? லேபிள் ஒட்டும் பெண்களா? அவர்களைப் போட்டிக்காரன் யாராவது கைக்குள் போட்டுக்கொண்டானா? அல்லது இந்தக் கிழவரே, மகளுக்காகக் காசு வாங்கிக்கொண்டு? வரிசையாக ஒவ்வொருவர் முகமும் வந்து போயிற்று. சிலேட்டைச் சுவரிலிருந்து விலக்கிப் பின்பக்கம் விளக்கடித்தாள்.

பழைய கயிறு இல்லை. தூசி படிந்த பச்சை நாடா ஒன்று, இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அடுத்த சிலேட்டிலும் அதே நாடா. அதே முடிச்சு.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சந்தேகப்பட்ட பீப்பாயைச் சுற்றிக் கட்டி முத்திரை வைப்பதற்கான நாடா அது. பெயர் ஆபீஸ்காரர்களின் பைக்குள் தவிர வேறெங்கும் கிடைக்காது. இரட்டை முடிச்சு அவளுடையது.

எல்லாம் ஞாபகம் வந்தது. போன வருஷம் மீசைக்காரர் கால் முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். சொந்தக்காரர் ஆலைக்குப் போகக் கூடாது என்பது விதி என்றாலும், ஆள் இல்லாததால் மேலதிகாரியே அவளை அனுப்பினார். அடுக்குகளைப் பார்த்துவிட்டு வருவது மட்டும்தான் வேலை. அன்றைக்கு இந்தக் கோடியில் விளக்கு எரியவில்லை. வௌவால் புது பல்பு எடுத்துவர மேலே போனார். சாக்கட்டி எழுத்து மங்கியிருந்ததால் அவளுக்குத் திருப்தியில்லை. வேறொருத்தராக இருந்தால் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவள் இரண்டு சிலேட்டையும் கழற்றிப் படிக்கட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள், அழித்து எழுதின தடம் இருக்கிறதா என்று பார்க்க. இல்லை. கழற்றியபோதே இற்றுப்போன கயிறு அறுந்திருந்தது. நல்லவளாக, தன் பையிலிருந்த நாடாவைக் கட்டினாள். மேலே தம்பி மனைவி, “அண்ணி, சாப்பாடு ஆறுது” என்று கூப்பிட்டாள். இருட்டுக்குள் வந்து இரண்டையும் மாட்டிவிட்டுப் போனாள்.

எதை எதில் மாட்டினாள்?

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்குத் தன் கையைச் சந்தேகப்பட அன்றைக்குத் தோன்றவே இல்லை.

முடிச்சின் மேல் அவள் விரல் இருந்தது. இழுத்தால் அவிழ்ந்துவிடும். நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. தம்பி அங்கே கிழவரிடம் கத்திக்கொண்டிருந்தான். வாய் வரைக்கும் வந்ததை அவள் மென்று விழுங்கினாள். முடிச்சை அவிழ்க்கவில்லை, அதே சமயம் எதுவும் சொல்லவுமில்லை. படியேறினாள். வௌவால் பின்னால் வந்துகொண்டே, “பாத்து ஏறும்மா, படி வழுக்கும்” என்றார்.

விசாரணை அன்றைக்கு மேலதிகாரியின் அறையில் தம்பி ஒரு பக்கம், வௌவால் ஒரு பக்கம், மீசைக்காரர் நடுவில். அவள் கதவுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பையோடு நின்றாள். முதல் நாள் மீசைக்காரரிடம் சொல்லி, ஆலைக்கு ஆள் அனுப்பி வாங்கிவைத்த சிலேட்டுகள் அதில் இருந்தன.

மேலதிகாரி தொண்டையைச் செருமினார். ஏமாற்றும் எண்ணம் இல்லை, ஆலைக்காரரின் கவனக்குறைவு. அதனால் சரிவின் பெயர் ஆலைக்கு இருக்கும். கடைகளில் இருக்கிற சரக்கைத் திரும்ப வாங்கி லேபிளை எடுத்துவிட வேண்டும். நஷ்டம் ஆலையைச் சேர்ந்தது. தம்பி மூச்சை விட்டான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, “இவரை நான் வேலையில வச்சுக்கப் போறதில்லை சார்” என்று வௌவாலைக் காட்டினான்.

“சார்” என்றாள் அவள். “சிலேட்டை மாத்தி மாட்டினது நான்தான்.”

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். பல்பு, படிக்கட்டு, கயிறு, சாப்பாடு, எல்லாம். சிலேட்டுகளை மேஜையில் கவிழ்த்து நாடாவைக் காட்டினாள். சொல்லி முடித்ததும் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இனிமேல் திட்டு விழும், வேலை போகும், போகட்டும் என்று நின்றாள்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த நாடாவை எப்பக் கட்டினீங்க?”

“போன வருஷம் சார்.”

“நேத்துக் கட்டலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அது அவள் கேட்கிற கேள்வி. அந்த ஆபீஸில் யாரிடம் என்ன சொன்னாலும் அவள் கேட்கிற கேள்வி. அவர் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தால், வார்த்தை மாறாமல் அதையேதான் கேட்டிருப்பாள்.

“தூசியைப் பாருங்க சார்” என்றாள்.

“நிலவறையில தூசிக்கா பஞ்சம்?” என்றார் அவர். “அம்மா, ஆபீஸ் தப்புன்னா நஷ்டம் ஆபீஸ் தலையில விழும். தம்பிக்கு நஷ்டம் இல்ல. நீங்க ஏன் இப்படிச் சொல்றீங்கன்னு எனக்குப் புரியாமலா இருக்கும்? புகார் குடுத்தது நீங்க, மனசு உறுத்துது. எனக்கும் அக்கா இருக்காங்க.” அவளைப் போன வருஷம் விதியை மீறி அனுப்பியது தான்தான் என்பதை அவர் நினைத்துப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. “இதை நீங்க சொன்னதாவே நான் எடுத்துக்கலை. போய் வேலையைப் பாருங்க.”

மீசைக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீங்களாவது தப்பு பண்றதாவது!”

“பண்ணினேன்யா!” என்று அவள் கத்தினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த ஆபீஸில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. பாசம் ஆளை என்ன பாடுபடுத்துகிறது என்று கேட்டவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வாசலில் தம்பி காத்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

“அக்கா” என்றான். “எனக்காகப் பொய் சொன்னியா?”

“பொய் இல்லடா. நெசமாவே நான்தான். கிழவர் மேல பழி போடாத, பாவம்.”

“போடலை. உள்ளயே மன்னிப்புக் கேட்டுட்டேன். நீயே இவ்வளவு இறங்கி வந்தப்புறம் நான் என்ன பெரிய இவன்?” அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “அன்னிக்கு உன்னை வெளிய போன்னு சொல்லிட்டேன். தூக்கமே வரலை எனக்கு.”

“டேய், நான் சொல்றதக் கேளு. இருட்டுல தெரியாம மாத்தி மாட்டிட்டேன்.”

“சரிக்கா.” அவன் சிரித்தான், பிறந்ததிலிருந்து சிரிக்கிற அதே சிரிப்பு. “நீ மாத்தி மாட்டினே. உலகமே தலைகீழா நின்னாலும் நீ ஒண்ணை மாத்தி மாட்டுவியா? சின்னப் பிள்ளையில என் சட்டைப் பொத்தானை நான் ஒழுங்காப் போட்டிருக்கேனான்னு தெரு முனை வரைக்கும் ஓடி வந்து பாப்பே. நீயா?”

நம்பாதவர் ஒருத்தர் உள்ளே, நம்புகிறவன் ஒருத்தன் வெளியே. இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தம்பி தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். அவனுடைய சட்டையில் பீப்பாய் வாசனை அடித்தது. கோபம் தீர்ந்து தம்பி திரும்பக் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம் நெஞ்சு முட்ட இருந்தது. அது தனக்குச் சேர வேண்டிய சந்தோஷம் இல்லை என்ற உறுத்தலும் கூடவே இருந்தது.

அதற்குப் பிறகும் பல வருஷம் அவள் அதே மேஜையில் உட்கார்ந்து அதே மாதிரி லேபிள் பார்த்தாள். ஊரில் மட்டும் பேச்சு மாறியது. தலை தெரிந்ததும் வானத்தைப் பார்த்தவர்கள் இப்போது நின்று நலம் விசாரித்தார்கள். தம்பிக்காகத் தன் மானத்தையே பணயம் வைத்தவள் என்று பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். “அப்படி இல்லைங்க” என்று அவள் ஆரம்பித்தால், “உங்க பெரிய மனசு யாருக்கு வரும்?” என்று வாயை அடைத்துவிடுவார்கள். எத்தனையோ பாட்டிலிலிருந்து தப்பான லேபிளைக் கிழிக்க வைத்தவளுக்கு, தன் மேல் ஒட்டியதன் ஓரத்தைக்கூடக் கிளப்ப முடியவில்லை.

ஒரு நாள் காலையில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை வழிமறித்தாள். இத்தனை காலமும் அவரிடம் மட்டும் அவள் அதைக் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

“உண்மையைச் சொல்லுங்க. அந்தச் சிலேட்டை நான்தான் மாத்தி மாட்டினேன். நீங்களாவது நம்புறீங்களா?”

“நம்புறேன்மா” என்றார் அவர், உடனே. பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு, அவள் தலையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

அவள் வாசலிலேயே நின்றாள். அவ்வளவு சீக்கிரமாக அவர் ஏன் சரியென்றார் என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.